ஆட்டுச் சுரப்பி மாத்திரையும் காலம் தப்பி வந்த அழுகையும்

சேசு மரி சூசை

திண்டிவனம்,
1938 ஆகஸ்டு

கோலார் தங்கவயலில் வாசம் செய்யும் என் பிரியத்துக்குரிய தமக்கை சவுரியம்மாள் அவர்கள் சமூகத்துக்குத் தம்பி இருதயராஜ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் இரக்கத்தால் இங்கே நானும் கோழிகளும் சேமம். அவ்விடத்தில் தாங்களும் அத்தானும் பிள்ளைகளும் சேமமாயிருக்கத் தேவமாதாவை மன்றாடுகிறேன்.

தாங்கள் எழுதிய கார்டு கிடைத்தது. ரயில்வேயில் ரிட்டயரான மனிதன் ஒண்டியாய்ச் சமைத்துச் சாப்பிட்டது போதும், அடுத்த மாதம் நேரில் வந்து கையோடு தங்கவயலுக்கு அழைத்துப் போவேன் என்று கண்டிருக்கிறது. அந்தச் சிரமம் தங்களுக்கு வேண்டாம். எனக்கு உடம்பு பூரண குணம். ஆள் துணை அவசியமில்லை. நடந்ததை அறிந்தால் தாங்களே பிரயாணத்தை நிறுத்திவிடுவீர்கள் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

என் மனைவி அமலோற்பவத்தை அடக்கம் செய்த அன்று நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றதைப் பார்த்து, "நீ மனுசனே இல்லடா, கல்லு" என்று சொல்லிவிட்டு நீ வண்டியேறினாய். (தாங்கள் என்றுதான் எழுதிக்கொண்டு வந்தேன், கை தானாக நீ என்று போய்விட்டது, பொறுத்துக்கொள்ளவும்.) அன்றைக்கு எனக்கே அது விளங்கவில்லை. துக்கம் வரவேண்டிய இடத்தில் தூக்கம்தான் வந்தது. அதற்குப் பிறகும் தூங்கினேன். உட்கார்ந்தால் தூக்கம், ஜெபமாலை எடுத்தால் தூக்கம். சித்திரை வெயிலில் ஊரே விசிறிக்கொண்டு திரிய, நான் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கினேன். முகம் பூசணிக்காயாக ஊதிற்று. இங்கே கம்பவுண்டர் விருத்தாசலம் நல்ல மனிதர், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். குளிருக்கு மலேரியா என்று கொயினா, சோகைக்கு இரும்பு மிக்ஸ்சர், அந்த இரும்பு வயிற்றைக் கட்டிக்கொண்டதால் பேதி உப்பு. பல் கறுத்தது, வயிறு களேபரமானது, கொயினாவால் காதில் ஓயாமல் இஞ்சின் ஊதியது. மற்றவர்களுக்கு அது பேஜாராயிருக்கும். எனக்கு விழுப்புரம் ஜங்ஷனில் டூட்டி பார்ப்பது போல இருந்ததால் துணையாகத்தான் இருந்தது.

கடைசியில் கம்பவுண்டரே பயந்துபோய், விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார். திரைக்கு வெளியே நான் என் பேரைச் சொன்னேன், அவ்வளவுதான். டாக்டர் என் முகத்தைப் பார்க்கும் முன்பே எழுந்து வந்து, "குரல் எப்போலேருந்துங்க இப்படி இருக்குது?" என்றார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். தவளை கத்துவது போல இருக்கிறதாம். எனக்குத் தெரியாது அக்கா. "வீட்டுல இருக்கிறவங்க சொல்லலையா?" என்றார். வீட்டில் கோழிகள்தான் இருக்கின்றன என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கழுத்திலே தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். என்னுடையது வேலையை விட்டு நின்றுவிட்டதாம், எனக்கு முன்பே ரிட்டயராகிவிட்டது போலும். ஆட்டுக்கு உள்ள அதே சுரப்பியைக் காயவைத்து அரைத்து மாத்திரை செய்கிறார்கள், ஆயுசு பரியந்தம் தினம் ஒன்று சாப்பிட வேண்டும் என்றார். மனசு மரத்துப் போவதும் இந்த வியாதியில் சேர்ந்தது என்றும் சொன்னார். அதை நீ இரண்டு தரம் படிக்கவும்.

மாத்திரை மெள்ள மெள்ளத்தான் பிடித்தது. கம்பளியை மடித்து வைக்கும் வேளையில் கறி விலக்கி நோன்பிருக்கும் தபசுகாலம் வந்துவிட்டது. ஆடு என்றால் மாமிசம், மாமிசம் என்றால் சுத்தபோசனம் கெடும். ஆகவே மாத்திரையை நிறுத்தினேன். தபசு முடிகிற பாஸ்குத் திருநாளுக்குள் பழையபடி முகம் ஊதி, பூசை நடுவில் குறட்டை விட்டேன். பூசை வைத்த சுவாமியார் கூப்பிட்டு விசாரித்து, "மருந்தைக் கறியென்று எந்தச் சபை சொல்லிற்று?" என்று கோபித்துக்கொண்டார். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று நான் தினம் மூன்றாக விழுங்க ஆரம்பித்தேன். கொஞ்ச நாள் கழித்துக் கையும் காலும் உதறி, நெஞ்சு எக்ஸ்பிரஸ் வண்டியாக ஓடிற்று. சும்மா உட்கார முடியாமல் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அது ஆகி, கேளாமலே பக்கத்து வீட்டுச் சுவருக்கும் அடித்துவிட்டேன். அவர்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. டாக்டர் திட்டித் தீர்த்து, பழையபடி ஒன்றுக்கு இறக்கிவிட்டார்.

அதன் பிறகு உடம்பு நேராயிற்று. போன மாதம், அமலோற்பவம் போனதற்கு அப்புறம் முதல் தடவையாக, நானே சந்தைக்கு நடந்து போனேன். அங்கே கிளியனூரிலிருந்து வந்து அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, விற்கிற அம்சவள்ளி இருக்கிறாளே, அவளிடம் நின்றேன். அமலோற்பவத்துக்கு அவளிடம்தான் வாங்க வேண்டும். அம்சவள்ளி படியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னாங்க, அம்மாவ ரொம்ப நாளா கண்ணுலயே காணோம்?" என்றாள்.

அக்கா, அவளுக்குச் சங்கதி தெரியாது. நானும் அதுவரை வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் அடக்கத்தன்றே வந்திருந்தார்கள். "செத்துப்போச்சு" என்றேன். அந்த வார்த்தை என் சொந்தக் குரலில் காதில் விழுந்ததும், மல்லாட்டைக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து, நடுச் சந்தையில், வாய்விட்டு அழுதேன். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு யார் தவறியது என்று கேட்டார். பெண்சாதி என்றேன். எப்போது என்றார். முந்தாம் வருஷம் ஆடியில் என்றேன். அவர் சற்று யோசித்துத் தலைப்பாகையை மறுபடி கட்டிக்கொண்டார். ஒரு போலீஸ்காரர் குனிந்து என் வாயை முகர்ந்து பார்த்தார். அம்சவள்ளிதான், "அவரு அழுதுட்டுப் போறாரு, உங்களுக்கு இன்னா? நவுருங்க, யாவாரம் கெடுது" என்று அவர்களைத் துரத்திவிட்டு, ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து, சந்தை கலைகிற வரைக்கும் தன் நிழலிலேயே என்னை உட்கார வைத்திருந்தாள்.

ஆகையால் உன் தம்பி கல் இல்லை. இதை அத்தானுக்கும் படித்துக் காட்டவும். இப்போது குளிர் இல்லை, தூக்கம் அளவோடு வருகிறது, குரலும் திரும்பிவிட்டது. சாயங்காலமானால் மட்டும் வீடு ரொம்பப் பெரிசாகத் தெரிகிறது. அதையும் டாக்டரிடம் சொன்னேன். அது வியாதியில் சேராது, மாத்திரையைக் கூட்ட முடியாது என்றுவிட்டார். மற்றபடி எனக்கு ஒரு குறையுமில்லை. கோழிகளை விட்டு வருவதற்குமில்லை. நீயும் முட்டிவலியோடு இரண்டு வண்டி மாறி அலைய வேண்டாம்.

அத்தானுக்கு என் வந்தனம். பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை போட்டு என் ஆசீர்வாதம் சொல்லவும்.

இப்படிக்கு,
பூரண குணமடைந்த உன் தம்பி,
இருதயராஜ்

பி.கு.: தபால் பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். வர வேண்டாம் என்று மேலே கண்டதை அடித்துவிடவும். அடுத்த மாதம் என்று தள்ளாமல் இந்த மாதமே வா. தங்கவயலுக்கு வருகிறேனா இல்லையா என்று பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். எத்தனை நாள் இருப்பாய் என்பதை மட்டும் வந்த அன்றைக்கே சொல்லிவிடாதே.