சிவப்புப் பலகை மடங்கும் வரை

அன்புள்ள மாமாவுக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் பேத்தி சுண்டுவும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம். அவ்விடம் உங்கள் முழங்காலும் அத்தையின் தூக்கமும் தேவலை என்று நம்புகிறேன். சுண்டுவை நீங்களே வளர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் பதில், சரி. காரணம் கீழே.

இன்று காலை ஏழு நாற்பத்து மூன்றுக்குப் பள்ளி பஸ் ஓட்டுகிற அக்காவிடமிருந்து போன் வந்தது. காரியமெல்லாம் முடிந்து, நாற்பத்தொரு நாள் கழித்து சுண்டு இன்றுதான் பள்ளிக்குக் கிளம்பினாள். உங்க பொண்ணு இருந்த வரைக்கும் காலை வேலையெல்லாம் அவதான், நான் ஆறு மணிக்கே ஃபேக்டரிக்குப் போயிடுவேன், மெஷினைக் கிளப்பத் தெரியும், பிள்ளையைக் கிளப்பத் தெரியாது, ரப்பர் பேண்ட் கிடைக்காம பின்னலை ஒயர் கட்டுற கேபிள் டையால இறுக்கி அனுப்பிட்டேன், சாயங்காலம் அதைக் கட்டிங் பிளேயரால அறுத்தது தனிக் கதை. அக்கா போன்ல, "சார், உங்க பொண்ணு ஒரு காலைப் படியில வெச்சுட்டு நிக்குது, ஏறவும் மாட்டேங்குது, இறங்கவும் மாட்டேங்குது. ஜன்னல் வழியா கொஞ்சம் எட்டிப் பாருங்க"ன்னாங்க. மாமா, எட்டிப் பார்த்திருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். நான் இன்ஜினியராச்சே. கதவுல ஏதோ சென்சார் கோளாறுன்னு முடிவு பண்ணி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கிட்டு மூணு மாடி இறங்கி ஓடினேன்.

கீழே ரோடு நின்னுக்கிட்டிருந்தது. பஸ்ஸோட பக்கவாட்டுல 'நில்'னு எழுதின ஒரு சிவப்புப் பலகை நீட்டியிருக்கு, அது நீட்டியிருந்தா ரெண்டு பக்கமும் ஒரு சக்கரம் நகரக் கூடாதாம், பிள்ளை ஏறி உட்கார்ற வரைக்கும் அதை மடக்கக் கூடாதாம், அதுதான் இந்த ஊர்ச் சட்டம். தண்ணி லாரி, குப்பை வண்டி, காலியாத் திரும்புற தீயணைப்பு வண்டி, பைக்ல ஒரு போலீஸ்காரர், எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு வண்டி. எங்க ஃபேக்டரியில ஒரு பெல்ட்டை நிறுத்த நாலு கையெழுத்து வேணும். இங்க ஒரு குட்டி ஷூ.

என்னைப் பார்த்ததும் சுண்டுவுக்குக் கோபம். "நீ ஏம்பா கீழ வந்தே? மேல போ! அம்மா ஜன்னல்லேர்ந்து டாட்டா காட்டுவா, அப்புறம்தான் நான் ஏறுவேன்."

"ஆமா சார், தினமும் அப்படித்தான்," அக்கா சொன்னாங்க. "எங்கிட்ட யாருமே சொல்லலையே"ன்னேன். "உங்களை நாங்க பார்த்ததே இல்லையே சார்."

ஒரு கார்க்காரர் தலையை நீட்டி, "எவ்வளவு நேரம்மா?"ன்னார். அக்கா, "அப்பா மாடிக்குப் போகணும் சார்"ன்னாங்க. "மூணாவது மாடியா?" "மூணாவது." "சரி, போகட்டும்"னு இன்ஜினை அணைச்சுட்டார். லாரி டிரைவர், "மெதுவா ஏறுங்க தம்பி, விழுந்து வைக்காதீங்க!"ன்னார். போலீஸ்காரர் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு என் ஜன்னலையே பார்த்துக்கிட்டு நின்னார். நான் மேல ஓடி ஜன்னல்ல தலையை நீட்டின பிறகுதான் அவ ஏறினா. அது வரைக்கும் ஒரு ஹாரன் சத்தம் கேக்கலை மாமா.

உங்க பொண்ணை ஆஸ்பத்திரியிலேர்ந்து கொண்டு வந்த அன்னிக்கு நான் ஆம்புலன்ஸுக்குப் பின்னாடியே வந்தேன். மூணு பேர் ஹாரன் அடிச்சாங்க. ஒருத்தன் குறுக்கே புகுந்து போனான். உலகத்தை நிறுத்த வழியே கிடையாதுன்னு அன்னிக்கு நினைச்சேன். வழி இருந்திருக்கு, நம்ம வீட்டு வாசல்லயே, தினமும் காலையில, அவ கையில.

ஒன்பது நிமிஷம் ஊரை நிறுத்தி வெச்ச ஆள் நான். பிள்ளை வளர்க்க லாயக்கில்லை. சனிக்கிழமை வந்து கூட்டிக்கிட்டுப் போங்கள். அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். அத்தைக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசி எங்கள் இருவருக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: நேற்று எழுதிய இதைத் தபாலில் போட மறந்துட்டேன். இன்னிக்கு ஏழு முப்பதுக்கே ஜன்னல்ல நின்னேன். சுண்டு ரோட்டைத் தாண்டி, படியில ஒரு காலை வெச்சு, மேல பார்த்தா. நான் கையைத் தூக்கினேன். அவ ஏறினா, பலகை மடங்கிச்சு, மொத்த ரோடும் கிளம்பிச்சு. மாமா, அதைக் கிளப்பினது நான். பெட்டியைப் பிரிச்சுத் துணியெல்லாம் அலமாரியில வெச்சுட்டேன். சனிக்கிழமை வாங்க, பார்க்க மட்டும் வாங்க. இதைப் படிச்சதும் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவீங்கன்னு தெரியும். போனை அணைச்சு வெச்சிருக்கேன்.