கொஞ்ச நாள் தூரத்துச் சொந்தமா இருங்க, சித்தப்பா

அன்பும் மதிப்பும் மிக்க சித்தப்பா அவர்களுக்கு,

தங்கள் அண்ணன் மகளும், தங்கள் திருவாயால் "புளுகுணி" என்று பட்டம் பெற்றவளுமான நான், சோப்புப் போட்டுக் கை கழுவி, காயவைத்து, எழுதிக்கொள்வது. நலம். நலமறியப் பயம். (வழக்கமாக "ஆவல்" என்று எழுத வேண்டும். கடைகளில் சோப்பு தீர்ந்துபோன மாதிரி இந்த வீட்டில் ஆவலும் தீர்ந்துவிட்டது.)

கசக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம். இது விளையாட்டு இல்லை. நான் "விளையாட்டு இல்லை" என்று சொல்லும்போதுதான் தாங்கள் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். போன வருடம் உங்கள் கப்பல் கம்பெனி மேனேஜர் குரலில் போன் பண்ணி, "உங்களைச் சலவைப் பிரிவுக்கே தலைவராக்கி இருக்கிறோம், நாளையிலிருந்து வெள்ளைத் தொப்பியோடு வரவும்" என்று நான் சொன்னதும், நீங்கள் நிஜமாகவே ஒரு தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு இஸ்திரி மேஜை முன்னால் விறைப்பாக நின்றதும், கப்பலே சிரித்ததும், அதற்கப்புறம் என் நம்பரை நீங்கள் பிளாக் பண்ணியதும் எல்லாம் நியாயம்தான். அதனால்தான் இப்போது தபால்தலை ஒட்டி, துறைமுக விடுதி விலாசத்துக்கு எழுதுகிறேன். விஷயம் ஒரே வரி: இருபதாம் தேதி நம்ம வீட்டுக்கு வராதீங்க. எழுதிட்டேன். இனிமே காரணம்.

அந்தக் கிருமி முதல்ல எங்க வீட்டுக்கு வந்தது டிவியில, கீழே ஓடற வரியில. ஏதோ தூர தேசத்துல பத்து இருபது பேருக்குக் காய்ச்சல். "அங்கேருந்து இங்க வர்றதுக்கு அது முதல்ல விசா வாங்கணும்"னார் அப்பா. அம்மா சேனலை மாத்தினாங்க. அவ்வளவுதான் அதுக்குக் கிடைச்ச மரியாதை. நான் மட்டும்தான் அதை இரு கை நீட்டி வரவேத்தேன், ஏன்னா அது பக்கத்து நாட்டுக்கு வந்த வாரமே நான் ஒண்ணு கண்டுபிடிச்சேன்: பஸ்ல ஒருமல் போட்டா ஒரு சீட் காலியாகும், இருமல் போட்டா ரெண்டு. மும்மல் போட்டுப் பார்த்தேன், கண்டக்டரே அடுத்த ஸ்டாப்ல இறங்கி முன்வாசல் வழியா ஏறிக்கிட்டார். ரொட்டிக்கடை வரிசையில பதினோராவது ஆளா நின்னு மூணே இருமல்ல முதல் ஆளானேன். வேதியியல் டீச்சர் கேள்வியோட என் பக்கம் திரும்பினா தொண்டையைச் செருமுவேன், கேள்வி அப்படியே தாவி அடுத்த பெஞ்சுக்குப் போயிடும். மத்தவங்களுக்கு அது தொற்று, எனக்கு அது தொழில். இதைப் பெருமையா எழுதல சித்தப்பா. எல்லாத்தையும் சொன்னாத்தான் மிச்சத்தை நம்புவீங்க.

அப்பாவோட கண்ணாடிக் கடையை நீங்க பார்த்து ஒன்பது மாசம் ஆச்சு. அதே சுழல் நாற்காலி, கண் பரிசோதிக்கிற அதே எழுத்துப் பலகை, அப்பாவோட அதே "ஹா". எந்தக் கண்ணாடியை எடுத்தாலும் வாய்கிட்ட கொண்டுபோய் ரெண்டு பக்கமும் "ஹா, ஹா"ன்னு ஊதி, சட்டைப்பையில இருக்கிற மஞ்சள் துணியால துடைச்சு, வந்தவங்க மூக்குமேல தன் கையாலயே மாட்டி, ஒரு சாண் தூரத்துல முகத்தை வச்சுக்கிட்டு "இப்ப தெரியுதா?"ன்னு கேட்பாரே, அது. இருபத்தாறு வருஷமா இந்த ஊர்ல பாதிப் பேர் உலகத்தைப் பார்க்கிறது அப்பாவோட மூச்சு வழியாத்தான். அந்த மூச்சு எவ்வளவு சன்னமான மூச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். சின்ன வயசுல அவருக்கு இழுப்பு வந்தப்பல்லாம் முதுகைத் தடவிக்கிட்டே உட்கார்ந்திருந்தது நீங்கதானே.

அம்மா ஆஸ்பத்திரி விசாரணை கவுண்டர்ல போன் எடுக்கிற வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா ரெண்டு மணி நேரம் இலவச நாடகம். யார் யார் எப்படி எப்படிப் பேசினாங்கன்னு அத்தனை குரலும் அவங்க வாயில வரும். என் குரல் வித்தைக்கெல்லாம் மூலக்கடை அங்கதான். ஆனா போன மாசம் ஒரு சாயங்காலம் வந்தாங்க, செருப்பை வெளியிலயே விட்டாங்க, யார்கிட்டயும் பேசாம நேரா குளிக்கப் போனாங்க. தலையைத் துவட்டிக்கிட்டு வெளியே வந்ததும், "இன்னிக்கு யாரும்மா போன் பண்ணாங்க? ஒரு குரல் பண்ணிக் காட்டேன்"ன்னேன்.

"எல்லாரும் ஒரே கேள்விதான்டி கேட்டாங்க."

"என்ன கேள்வி?"

"படுக்கை இருக்கா."

"நீ என்ன சொன்ன?"

அம்மா கையில இருந்த துண்டைப் பிழிஞ்சாங்க. அது காய்ஞ்ச துண்டு சித்தப்பா.

மறுநாள் காலையில அம்மா சட்டம் போட்டாங்க. "என்னங்க, இனிமே கண்ணாடியில ஊதக் கூடாது." "பின்ன எப்படித் துடைக்கிறது?" "ஸ்ப்ரே அடிங்க." "ஸ்ப்ரேக்குக் கண்ணாடியோட மனசு தெரியாது"ன்னார் அப்பா. ஆனாலும் அடிச்சார். அடிச்சு, துடைச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, திருப்தியில்லாம கடைசியா ஒரு "ஹா" போட்டார், கையெழுத்துப் போட்ட பிறகு கைநாட்டும் வச்ச மாதிரி. அம்மா முகக்கவசம் மாட்டிவிட்டாங்க. கவசத்துக்குள்ள "ஹா" போட்டா மூச்சு மேல ஏறி அப்பாவோட சொந்தக் கண்ணாடியே பனிமூட்டம் ஆயிடுச்சு, அந்த மூட்டத்தோட "இப்ப தெரியுதா?"ன்னு கேட்டுக்கிட்டே சுவத்துல இருந்த நிலைக்கண்ணாடிக்குள்ள தெரிஞ்ச தன் மூக்குக்கே மாட்டப் போனார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருத்தர் வந்தார், அளவு டேப்பைக் கையோட கொண்டுவந்து ஆறடி அளந்து, கோட்டுக்கு அந்தப் பக்கமா நின்னுக்கிட்டார். "ஐயா, உங்க மூக்கு வரைக்கும் எட்ற கை எனக்கு இல்லையே"ன்னார் அப்பா. "அது உங்க பக்கத்துக் கணக்கு"ன்னார் வாத்தியார். கடைசியில ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பியில கண்ணாடியைத் தொங்கவிட்டு நீட்டினார் அப்பா, வாத்தியார் தூண்டிலுக்கு வர்ற மீன் மாதிரி முகத்தை நீட்டி நீட்டிக் காதுல மாட்டிக்கிட்டார். நான் தரையில உருண்டு சிரிச்சேன். ஊரே கை கழுவுது, அதிகாரிகள் எங்களை முன்னாடியே கை கழுவிட்டாங்கன்னு கடை வாசல்ல ஒரு அட்டை எழுதி மாட்டினேன். அம்மா அதைப் படிச்சிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாங்க. திட்டாம போனது அதுதான் முதல் தடவை.

இனிமே எழுதப்போறதை எப்படி எழுதறதுன்னு தெரியல. போன சனிக்கிழமை மதியம். நாலு பேர் காத்திருந்தாங்க, அப்பா காலையிலேருந்து சாப்பிடல. சாப்பாட்டு டப்பாவோட போன நான், கூட்டத்தைக் கலைக்க எனக்குத் தெரிஞ்ச ஒரே மருந்தைக் கொடுத்தேன். வாசல்லயே நின்னு ஒருமல், இருமல், மும்மல். நாலு பேரும் பறந்தாங்க. ஒருத்தர் எழுத்துப் பலகையைப் பாதி படிச்சிட்டு ஓடினார், கடைசி வரி அவருக்குத் தெரியுமா தெரியாதான்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அப்பா என்னை முறைச்சார். முறைச்சுக்கிட்டே அவரும் இரும ஆரம்பிச்சார். எனக்கு ஒரே குஷி, அப்பாவும் ஆட்டத்துல சேர்ந்துட்டார்னு. நான் ஒண்ணு இருமினா அவர் ரெண்டு, நான் மூணு இருமினா அவர் அஞ்சு. நான் சிரிச்சுக்கிட்டே நிறுத்திட்டேன் சித்தப்பா. அவர் நிறுத்தல.

சுழல் நாற்காலியைப் பிடிச்சார், அது சுத்திடுச்சு. உதடு நீலமாச்சு. கையால மேஜை டிராயரைக் காட்டினார். அதுக்குள்ள அத்தனை மூக்குக்கண்ணாடிக்கு நடுவுல அவரோட இன்ஹேலர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல. டிராயரையே இழுத்துத் தரையில கொட்டினேன். கண்ணாடி உடையற சத்தத்துலயும் அப்பா மூச்சு இழுக்கிற சத்தம்தான் பெருசாக் கேட்டுச்சு. வெளியே ஓடிப்போய் நின்ன நாலு பேரைப் பார்த்து "யாராவது வாங்க, நிஜமாத்தான் சொல்றேன்"னு கத்தினேன். திரும்பிப் பார்த்தாங்க. யாரும் வரல. அவங்க மேல தப்பில்லை. அந்தக் குரலை நானே நம்பியிருக்க மாட்டேன்.

இன்ஹேலர் கிடைச்சுது. மேஜைக்கடியில உருண்டு கிடந்தது. ரெண்டு தடவை இழுத்ததும் கொஞ்சம் கொஞ்சமா அடங்கிச்சு. சாயங்காலம் டாக்டர் வந்து நெஞ்சு முழுக்கக் குழாய் வச்சுப் பார்த்துட்டு, "காய்ச்சல் இல்லை, இது பழைய இழுப்புதான்"னார். அப்பத்தான் நான் மூச்சே விட்டேன். ஆனா படி இறங்கும்போது அவர் அம்மாகிட்ட தனியா, "அந்த நோய் இந்த நெஞ்சுக்குள்ள வந்தா என்ன பண்றதுன்னு என்கிட்ட கேட்காதீங்க. வராம பார்த்துக்கங்க"ன்னார். அம்மா வெறுமனே தலையாட்டினாங்க. படுக்கை இருக்கான்னு கேட்டா என்ன பதில் வரும்னு அவங்களுக்குத் தெரியும். அந்தப் பதிலைச் சொல்றதே அவங்கதானே. அன்னிக்கே கடையைச் சாத்தியாச்சு. நானும் தொழிலை விட்டுட்டேன், தண்ணி குடிக்கும்போது நிஜமாவே புரையேறினாக் கூட தலையணையில முகத்தைப் புதைச்சு முழுங்கிடறேன். அப்பா குளியலறையில செருமினா வெளியே நின்னு எத்தனை தடவைன்னு எண்ணுறேன்.

இப்படி இருக்கும்போதுதான் வியாழக்கிழமை உங்க போன். அப்பா ஸ்பீக்கர்ல போட்டார். "அண்ணா, ஒப்பந்தம் முடிஞ்சுது, துறைமுக விடுதியில இறக்கிட்டாங்க, இருபதாம் தேதி வர்றேன்"னீங்க. "கப்பல்ல நோய் கீய்னு பேசிக்கிறாங்களேடா"ன்னார் அப்பா. "மூணு கேபின்ல இருமினாங்க, விரிப்பெல்லாம் எங்கிட்டதான் வந்துது. நான் போட்ட சூட்டுக்குக் கிருமி மடிப்புக் கலையாம செத்திருக்கும்"னீங்க. அண்ணனும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. இந்த வீட்டுல விளையாட்டு யார்கிட்டேருந்து எனக்கு வந்துச்சுன்னு அம்மா கேட்டா இனிமே போனைத்தான் காட்டணும்.

போனை வச்சதும் அப்பா கட்டிலை நகர்த்த ஆரம்பிச்சிட்டார். அதான் உங்க ரெண்டு பேரோட வழக்கமாச்சே, நீங்க வந்த முதல் வாரம் அண்ணனும் தம்பியும் ஒரே அறை, ஒரே கட்டில், ஒன்பது மாசக் கதை, அம்மா என் அறைக்கு நாடு கடத்தல். கட்டிலைச் சுவத்தோரமாப் போட்டு, உங்களுக்குக் குளிர் ஆகாதுன்னு ஜன்னல் இடுக்குல எல்லாம் காகிதம் சொருகி அடைச்சு வச்சிருக்கார். ஒரு பொட்டுக் காத்து வராது. அதைப் பார்த்துட்டு அடுப்படிக்குப் போனா அம்மா எரியாத அடுப்பு முன்னாடி நிக்கிறாங்க. "நீ சொல்லும்மா வரவேண்டாம்னு"ன்னேன். "நான் எப்படிடி சொல்றது? அண்ணி வராதேன்னுட்டாங்கற ஒரு பேச்சு வந்தா அது என் காலத்துக்கும் நிக்கும்"னாங்க. அப்பா சொல்லமாட்டார், உங்களை வராதேன்னு சொல்ற வாயை அவருக்கு யாரும் வச்சு அனுப்பல. ஆக, இந்த வீட்டுல இழக்கிறதுக்கு மானம் மரியாதை எதுவும் மிச்சமில்லாத ஒரே ஆள் நான்தான்.

அதனால கேக்கறேன். அங்கயே பதினாலு நாள் இருங்க. உங்களை விரட்டல சித்தப்பா, நெருங்கின சொந்தம் நீங்க, கொஞ்ச நாள் தூரத்துச் சொந்தமா இருங்க, அவ்வளவுதான். அப்பாகிட்ட இதைப் பத்தி மூச்சு விடாதீங்க, ரெண்டு அர்த்தத்துலயும். "கம்பெனி அனுப்ப மாட்டேங்குது"ன்னு ஒரு பொய் சொல்லுங்க, பொய் வாயில வரலைன்னா நான் எழுதித் தர்றேன், அந்தச் சரக்கு எங்கிட்ட நிறையவே இருக்கு. இதுவும் புளுகுன்னு நினைச்சீங்கன்னா நினைச்சுக்கங்க, ஆனா இன்னொரு தடவை ஏமாந்து போங்க. இது புளுகா இருந்தா உங்களுக்குப் பதினாலு நாள் போகும். புளுகு இல்லைன்னா என்ன போகும்னு எழுத எனக்குக் கை வரல.

மற்றபடி, தங்கள் உடம்பு சூடு ஏறாமலும் இஸ்திரிப் பெட்டி சூடு இறங்காமலும் இருக்க வேண்டுமென்று விரும்பும்,
இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பட்டத்தைத் துறந்த,
தங்கள் அண்ணன் மகள்.

பின்குறிப்பு: மேலே எழுதினது அத்தனையும் ரத்து. உறையை ஒட்டப்போனேன், தெருவுலேருந்து "அண்ணா!"ன்னு உங்க குரல். இன்னிக்குத் தேதி பதினேழுதானே! எட்டிப் பார்த்தா எதிர் நடைபாதையில பெட்டிமேல உட்கார்ந்திருக்கீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்களே கத்தினீங்க, "விடுதியை மூடி எல்லாரையும் விரட்டிட்டாங்க, போக்கிடம் இல்லாம வந்துட்டேன். என்கூடத் துணி மடிச்சவனுக்கு நேத்து காய்ச்சல்! கதவைத் திறக்காதீங்க, அண்ணனைக் கீழ விடாதீங்க!"

நான் தப்பான ஆளுக்கு நாலு பக்கம் எழுதியிருக்கேன் சித்தப்பா. அப்பாவுக்கு எழுதியிருக்கணும். அவர் சிரிக்கிறார். "ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கே நாடகம் போடறீங்களா"ன்னு செருப்பை மாட்டினார். நான் கதவைப் பூட்டிச் சாவியைக் கைக்குள்ள மூடிக்கிட்டேன். "திறடி"ன்னார். அப்புறம் "திறம்மா"ன்னார். அப்பா கெஞ்சி நான் கேட்டதே இல்லை. அம்மா வந்து என் விரலைப் பிரிச்சு சாவியை எடுத்தாங்க, திறந்துடுவாங்கன்னு நினைச்சேன். நேரா பால்கனிக்குப் போய், தெருவே கேட்கிற மாதிரி, "தம்பி, வீட்டுக்கு வராதீங்க! அண்ணிதான் சொல்றேன்!"னாங்க. அப்புறம் திரும்பி வந்து கதவுல முதுகைச் சாய்ச்சு உட்கார்ந்துட்டாங்க.

கடைச் சாவியையும் இந்தக் கடிதத்தையும் கயித்துக் கூடையில இறக்கறேன். கடையோட பின்னறையில குழாய் இருக்கு, படுக்க இடம் இருக்கு, தரையில கண்ணாடிச் சில்லு இருக்கும், செருப்போடவே நடங்க. மூணு வேளையும் சாப்பாட்டை ஷட்டருக்கு வெளியே வச்சிட்டுத் தட்டிட்டு ஓடிடுவேன். கூடையை எடுக்கும்போது மட்டும் மேலே பார்க்காதீங்க. அப்பா பால்கனிக்கு வந்து நிக்கிறார். அழறார். கண்ணாடி போட்டிருந்தா கீழேருந்து தெரியாதுன்னு அவருக்கு நினைப்பு.