டர்போ சாருக்கு அவசரமில்லை

செம்பாக்கத்திலேயே போவதற்கு எந்த இடமும் இல்லாத ஒரே மனிதர் டர்போ சார்தான். தாம்பரத்துக்குத் தெற்கே எந்த வண்டியும் தன்னை முந்தக் கூடாது என்று சபதம் எடுத்தவரும் அவர்தான்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் தனியாக இருந்தார். ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வேலையில் இருந்தபோது வாங்கிய சின்னக் கார் ஒன்று, வெளுத்துப்போன நீலத்தில், அவருடைய ஜன்னலுக்கு நேரே நிற்கும். ஏ.சி. போட்டால் மேம்பாலம் ஏறாது. மேம்பாலம் ஏற வேண்டுமானால் ஏ.சி.யை அணைக்க வேண்டும். எது வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புவார்.

ஒருநாள் பெருங்களத்தூர் மேம்பாலத்தில், மெத்தைகளை அடுக்கிக் கட்டிய லோடு ஆட்டோ ஒன்று அவரை முந்திவிட்டது. அதைக்கூடத் தாங்கியிருப்பார். மெத்தைமேல் படுத்திருந்த ஆள் தலையை மட்டும் தூக்கி டாட்டா காட்டினானாம்.

"படுத்துக்கிட்டே என்னை ஓவர்டேக் பண்ணிட்டான் சார்," என்றார் என்னிடம். "அங்கியே முடிவு பண்ணிட்டேன். டர்போ வெக்கறேன்."

டர்போ என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. புகை வெளியேறும் வேகத்தில் ஒரு சின்னக் காற்றாடி சுழலும். அது எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும். வண்டிக்கு ஆவேசம் வரும். இதை அவர் யார் அகப்பட்டாலும் நிறுத்தி விளக்குவார். கீரை விற்க வந்த அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டு, எங்கள் தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

விபத்தில் நொறுங்கிய ஒரு பெரிய காரின் டர்போ எஞ்சின் கூடுவாஞ்சேரிப் பட்டறை ஒன்றில் கிடைத்தது. அதன்பிறகு வெகுகாலம் நாங்கள் அவருடைய கால்களை மட்டும்தான் பார்த்தோம். மீதி உடம்பு காருக்கு அடியில் இருக்கும். அலுவலகம் போகும்போது கால்களுக்கு வணக்கம் சொல்வோம். பதிலுக்குப் பெருவிரல் ஆடும். ஒருமுறை மளிகைக் கடையில் முழு ஆளாக நின்றவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. செருப்பைப் பார்த்த பிறகுதான், "சார், நீங்களா!" என்றேன்.

புது எஞ்சின் பழைய காருக்குள் அடங்க மறுத்தது. பானெட் மூடவில்லை. பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததுபோல் கார் பல வாரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எடையைக் குறைக்கப் பின்சீட்டைக் கழற்றினார். உதவிக்கு வந்த மெக்கானிக், "முன்னாடி சைடு சீட்டையும் எடுத்துடலாம் சார், இன்னும் பறக்கும்," என்றார்.

"அது இருக்கட்டும்பா. யாராச்சும் ஏறினா எங்க உக்காருவாங்க?"

யாரும் ஏறப்போவதில்லை என்பது மெக்கானிக்குக்கும் தெரியும். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

ஒருவழியாக எஞ்சின் உயிர் பெற்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்துக் காலை எடுத்தால் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். அசல் குக்கர் விசில். மூன்றாம் மாடி அக்கா தன் குக்கர்தான் என்று நம்பி மூன்றாவது 'புஸ்'ஸில் அடுப்பை அணைத்துவிட்டார். விஷயம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போனது.

"அது விசில் இல்லைம்மா. கூடுதல் காத்தை வெளிய விடற வால்வு," என்றார் டர்போ சார்.

"எந்த வால்வா வேணா இருக்கட்டும் சார். எங்க வீட்ல சாதம் வேகலையே!"

எஞ்சின் மாற்றியதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்காமல் ரோட்டில் ஓட்டுவதில்லை என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். அதனால் கூடுவாஞ்சேரிக்கு உள்ளே, தெரிந்தவர் ஒருவரின் விற்காத மனைப்பிரிவில் ஓட்டிப்பார்க்க ஏற்பாடு செய்தார். கூட வரச் சொல்லி எல்லா வீட்டுக் கதவையும் தட்டினார். சங்கச் செயலாளருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டாம் மாடியில் திடீரென்று பூஜை முளைத்தது. எனக்குச் சட்டென்று பொய் வரவில்லை. என் மனைவி, "இன்ஷூரன்ஸ் பேப்பர் எங்க வெச்சிருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காரை ஒரு லோடு வண்டியில் ஏற்றினோம். டிரைவர் கேட்டார்:

"இன்னா சார், வண்டி ஓடாதா?"

"ஓடாதாவா? பறக்கும்!"

"அப்பால இன்னாத்துக்கு சார் என் வண்டில ஏத்திகினு போறே?"

டர்போ சார் காரைக் கட்டியிருந்த கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

அந்த மனைப்பிரிவில் பெரிய நுழைவு வளைவு இருந்தது, அகலமான தார்ச்சாலைகள் இருந்தன, மனை எண் எழுதிய கற்கள் இருந்தன. வீடு ஒன்றுகூட இல்லை. பூங்காவில் ஒரு சறுக்குமரம் வெயிலில் நின்றது. சார் இஸ்திரி போட்ட சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்து சீட்டில். அதன் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"இருங்க... இருங்க... வரும்..."

வந்தது. என் முதுகு சீட்டுக்குள் புதைந்தது. மனைக்கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பறந்தன. நான் அம்மா என்று கத்தினேன். பக்கத்தில் வேறொரு சத்தம் கேட்டது. டர்போ சார் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை.

சாலை முடிகிற இடத்தில் நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"உடனே ஆஃப் பண்ணக் கூடாது சார். டர்போ கொதிச்சுப் போயிருக்கும். ஆறுற வரைக்கும் சும்மா ஓடணும்."

அந்த நேரத்தில்தான் பேசினார். மனைவி வெகுநாளாகப் புனேயில் மகளோடு இருக்கிறாராம்.

"ஏதாவது சண்டையா சார்?" என்றேன்.

"சண்டைன்னா சமாதானம் ஆகலாமே. பேத்தி பொறந்தப்போ போனா. அங்க அவளுக்குப் புடிச்சுப்போச்சு. எனக்கு இங்க பழகிப்போச்சு. இப்போ போன்ல மழை பெய்யுதான்னு கேப்பா. பெய்யுதுன்னா பெய்யுதும்பேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் என்ன பேசறதுன்னு தெரியாது."

வைப்பர் கைப்பிடியை மேலும் கீழும் தள்ளினார். காய்ந்த கண்ணாடியில் அது கிரீச்சிட்டது.

"இதைச் சொன்னேன் சார் அவகிட்ட, டர்போ வெக்கறேன்னு. நல்லா சிரிச்சா. ரொம்ப நாளுக்கப்புறம் அன்னிக்குக் கொஞ்சம் பேசினோம்."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுப் பெட்ரோல் தீரும் தறுவாயில்தான் அணைத்தார்.

பிறகு என் காரை சர்வீஸுக்கு விட்டபோது, டர்போ ஆற எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கிருந்த மெக்கானிக்கிடம் விசாரித்தேன்.

"ஒரு நிமிஷம் போதும் சார். அதுவே ஜாஸ்தி."

அதை நான் டர்போ சாரிடம் சொல்லவில்லை. அனுமதி இன்னும் வந்தபாடில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போகிறோம். போன தடவை, ஓட்டி நிறுத்திய கொஞ்ச நேரத்திலேயே அவர் சாவியில் கை வைத்தார்.

"உங்களுக்கு வேலை இருக்கும். ஆறியிருக்கும் சார், போலாம்."

"அவசரப்படாதீங்க சார்," என்றேன். "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்."