மைக்செட் அண்ணன் பிடித்த மடவை

பினாங்குத் தீவில் இதுவரை வாய்த்த தொண்டைகளிலேயே பெரியது மைக்செட் அண்ணனுடையது. சுங்கை பினாங் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அவர் தும்மினால், ஏழாம் மாடியில் எங்கள் வீட்டுப் பூனை எழுந்து உட்காரும். அப்படிப்பட்ட மனிதருக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆசை, மூச்சுக்கூட விடாமல் செய்ய வேண்டிய காரியமான மடவை மீன் பிடிப்பதுதான்.

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவருடைய தொழில். அறிவிப்பாளரும் அவரே. அந்தத் தொழில் அவர் கையிலும் ஒட்டிக்கொண்டது. நீளமாக எதைப் பிடித்தாலும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் இரண்டு முறை ஊதி, "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. துடைப்பம், முருங்கைக்காய், சுருட்டிய நாளிதழ், எதுவும் தப்பியதில்லை. ஒரு முறை கிளினிக்கில் நர்ஸ் நீட்டிய காய்ச்சல்மானியைக்கூட அவர் சோதித்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். அதற்கு நான் சாட்சி இல்லை. முருங்கைக்காய்க்குச் சாட்சி நான்தான்.

அவருடைய குரல் எங்கள் ஊரில் ஒரு லாரியிலும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பேப்பர், பழைய இரும்பு வாங்கத் தெருத்தெருவாக வரும் 'பேப்பர் லாமா' லாரிக்காரர் ஒருவர், அவரைக் கூப்பிட்டு அறிவிப்பைப் பதிவு செய்துகொண்டார். முதலில் மலாயில் சொல்லி, முடிவில் தமிழிலும், "அக்கா, அம்மா, பழைய சாமான் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்று நீட்டியிருப்பார். பதிவு தொடங்கும்போது பழக்கதோஷத்தில் சொன்ன "ஹலோ, ஒன், டூ, த்ரீ"யை யாரும் வெட்டவில்லை. அதனால் அந்த லாரி ஒவ்வொரு தெருமுனையிலும் எண்ணிவிட்டுத்தான் உள்ளே நுழையும்.

இனி மடவை. அது கூச்சப்படும் மீன். தண்ணீரில் ரொட்டித் துண்டைத் தூவினால் மேலே வரும். ஆனால் பெண் பார்க்க வந்த வீட்டார் பலகாரத்தைத் தொடுவதுபோல, உதட்டால் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிவிடும். சின்ன முள்ளில் ரொட்டியைக் கிள்ளி வைத்து, தக்கையை மிதக்க விட்டு, தக்கை முழுகும் அந்த ஒரு கணத்தில் நோகாமல் இழுக்க வேண்டும். நிழல் விழுந்தால் ஓடும், சத்தம் கேட்டால் ஓடும். "மடவைக்கு ஒடம்பெல்லாம் காது, பாய்" என்று அண்ணன் என்னிடம் கிசுகிசுப்பார். அந்தக் கிசுகிசுப்பைக் கேட்டுப் படகுத்துறையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர் மீன் பிடிக்கப் போன எல்லாச் சாயங்காலங்களிலும் துணைக்குப் போனவன் நான். எந்த நாளில் என்ன நடந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்வது என் குணம். எனவே உறுதியாகச் சொல்கிறேன்: பல வருடங்களில் அவர் ஒரு மீனும் பிடித்ததில்லை. ஒரே ஒரு தடவை வெட்கம் தாங்காமல் பாசாரில், மீன் சந்தையில், ஒரு மடவையை வாங்கி, நூலில் கோத்து, கடலிலிருந்து வருபவர்போல வீட்டுக்குள் நுழைந்தார். அவருடைய மனைவி சரசு அக்கா மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, கடல்ல மீனுங்க செதிலச் சொரண்டிட்டுத்தான் நீந்துதா?" என்று கேட்டார்.

அதோடு அக்காவின் பொறுமை முடிந்தது. அவர்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கச் சைவம். மாதம் பிறப்பதற்குள் அண்ணன் தன் கையால் ஒரு மீனாவது பிடித்து வர வேண்டும், இல்லாவிட்டால் தூண்டில் கம்புகள் மொத்தமும் பேப்பர் லாமா லாரிக்கு என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அண்ணனை மீன் உறுத்தவில்லை. தன்னுடைய தூண்டில்களைத் தன்னுடைய குரலே கூவி வாங்கிக்கொண்டு போவதுதான் உறுத்தியது. "நானே என்னை ஏலம் போட்ட மாதிரி ஆயிரும் பாய்" என்றார்.

ஆவணிக் கடைசி நாள் சாயங்காலம், அஸர் தொழுகை முடிந்ததும் நாங்கள் பாடாங் கோத்தா கடற்சுவருக்குப் போனோம். கையில் ஒரே ஒரு தூண்டில், இரைக்கு ஒரு முழு ரொட்டி பெங்காலி. என் சட்டையில் அத்தர் வாசம் அடிக்கிறது, மீன் மோப்பம் பிடித்துவிடும் என்று சொல்லி, என்னைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வைத்தார். பிறகு விதிகளைச் சொன்னார். பேசக்கூடாது. சைகை மட்டும்தான். ஒரு கை தூக்கினால் மீன் தெரிகிறது, இரண்டு கையும் தூக்கினால் தக்கை முழுகிவிட்டது. இதையெல்லாம் அவர் விளக்கி முடித்தபோது, பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த நான்கைந்து பேர் சாமான்களை எடுத்துக்கொண்டு தள்ளிப் போயிருந்தார்கள்.

தூண்டில் கைப்பிடியை வாயருகே கொண்டுபோனார். நான் முறைத்தேன். ஊதாமல் இறக்கினார். அவர் வாழ்க்கையிலேயே அப்படி அடங்கியது அன்றுதான்.

ரொட்டியைத் தூவினோம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மட்டத்தில் சாம்பல் நிற உதடுகள் வந்தன. தக்கை ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. அண்ணனுடைய நெற்றியில் வியர்வை. அந்த நேரம் பார்த்து, முதுகுக்குப் பின்னால் சாலையிலிருந்து, தீவே கேட்கும்படி, "ஹலோ, ஒன், டூ, த்ரீ."

பேப்பர் லாமா லாரி.

மடவைகள் கலைந்தன. அண்ணன் திரும்பி, தன் குரலைப் பார்த்தே "உஷ்" என்றார். அப்புறம்தான் கவனித்தார். பேப்பர் மூட்டைகளுக்கு நடுவே, நீலக் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு மெல்லிய கறுப்புக் கம்புகள் ஆடிக்கொண்டு போயின.

"பாய், அது என் கம்பு. சரசு போட்டுட்டா. பொழுதுகூட சாயல, அதுக்குள்ள போட்டுட்டா."

தூண்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு லாரிக்குப் பின்னால் ஓடினார். "நிப்பாட்டு, என் சாமான்" என்று கத்தினார். லாரி நிற்கவில்லை. எப்படி நிற்கும்? மேலே கட்டிய ஒலிபெருக்கி எந்தக் குரலில் கத்துகிறதோ, அதே குரல்தான் கீழேயும் கத்துகிறது. லாரிக்காரர் ஒலிபெருக்கியை இரண்டு தட்டுத் தட்டி, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டு போனார்.

அப்போது தக்கை முழுகியது.

கலைந்து போன கூட்டத்தில் ஒரு மடவைக்கு மட்டும் காது மந்தமாக இருந்திருக்க வேண்டும். நான் விதிப்படி இரண்டு கைகளையும் தூக்கினேன். அண்ணன் தூரத்தில் நின்று பார்த்தார். "ஏன் பாய் கையத் தூக்குறீங்க, போலீசா?" என்று கேட்டார். தான் போட்ட சைகையைத் தானே மறந்திருந்தார். இதற்குள் தூண்டில் சுவரிலிருந்து சரிந்து கடலைப் பார்த்து நகரத் தொடங்கியது. நான் பிடித்து இழுத்தால் முடிந்தது காரியம். ஆனால் அவர் கையால் பிடிக்க வேண்டும் என்பதல்லவா தீர்ப்பு. கையைத்தான் சொன்னார் அக்கா, காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செருப்புக் காலால் கைப்பிடியை மிதித்துக்கொண்டு, நான் வாழ்நாளில் எழுப்பாத ஒரு சத்தத்தை எழுப்பினேன்.

"அண்ணே, தக்கை!"

"உஷ்" என்றார். அடுத்த கணம் முகம் மாறியது. ஒரு பக்கம் லாரி போய்க்கொண்டிருக்கிறது, மறுபக்கம் என் செருப்புக்கு அடியில் தூண்டில் துடிக்கிறது. லாரியை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓடி வந்த வேகத்தை அங்கே மேய்ந்துகொண்டிருந்த புறாக்கள் எதிர்பார்க்கவில்லை. மொத்தமாகப் பறந்தன.

இழுத்தார். நோகாமல் இழுத்தார், குழந்தையைத் தூக்குவதுபோல. முழங்கை நீளத்துக்கு வெள்ளி மடவை ஒன்று சுவர்மேல் வந்து துள்ளியது. தள்ளிப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து கைதட்டினார்கள். அண்ணன் மீனை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்து, வாயருகே கொண்டுபோய், இரண்டு முறை ஊதினார்.

குரல் வரவில்லை. உதடுகள் மட்டும் "ஹலோ" என்று அசைந்தன. மீனும் அப்படியேதான் அசைத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மீனை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். நான் மஃரிப் தொழுதுவிட்டு வரும்வரை பள்ளிவாசல் வாசலில் மீனோடு காத்து நின்றார். வீட்டில் சரசு அக்கா மீனைப் பார்த்தார், செதிலைத் தடவிப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மத்தியானமே மீன் சட்டியெல்லாம் கழுவி மேல போட்டுட்டேனே. நீங்க பிடிச்சிட்டு வருவீங்கன்னு யாரு கண்டா?"

அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. "கம்பு போச்சு சரசு. லாரியில பாத்தேன்" என்றார்.

அக்கா அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு, துணியில் சுற்றி வைத்திருந்த தூண்டில்களை எடுத்து வெளியே வைத்தார். லாரியில் போனவை உடைந்துபோன மைக் ஸ்டாண்டுகள்.

"இதப் போயி குடுப்பேனா? குடுத்துட்டா சாயங்காலம் முழுக்க நீங்க வீட்லதானே ஒக்காந்து பேசுவீங்க? எனக்குக் காது வேணாமா?"

மீன் எங்கள் வீட்டுக்கு வந்தது. என் மனைவி புளி கரைத்துச் சட்டியை ஏற்றினாள். சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணனுக்குச் சந்தேகம். பொழுது சாய்ந்துவிட்டதே, புரட்டாசி பிறந்திருக்குமோ? நான் தீர்ப்புச் சொன்னேன். பொழுது சாய்ந்ததும் நாள் மாறுவது எங்கள் கணக்கு, உங்களுக்கு விடியும்வரை ஆவணிதான். இப்படி ஒரே மேசையில், ஒரே மடவையை, நான் புதிய நாளிலும் அவர்கள் பழைய நாளிலும் உட்கார்ந்து சாப்பிட்டோம். தலைத்துண்டு யாருக்கு என்பதில் மட்டும் கொஞ்சம் சத்தம் வந்தது. ஏழாம் மாடிப் பூனைக்கு அன்று எழுந்து உட்கார வேண்டிய வேலை இல்லை, மேசைக்கு அடியிலேயே இருந்தது.

அதன் பிறகு அண்ணனும் அக்காவும் மகன் வீட்டோடு இருக்க ஜுருவுக்குப் போய்விட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது வீடு. போனில் பேசுகிறார், நான் போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கேட்கிறேன். அங்கே பக்கத்தில் மடவை இல்லையாம். லாரி மட்டும் இன்றும் எங்கள் தெருவுக்கு வருகிறது. "ஹலோ, ஒன், டூ, த்ரீ" கேட்டதும் நான் படியிறங்கிப் போய் நிற்கிறேன். என்ன சாமான் இருக்கு அண்ணே என்று லாரிக்காரர் கேட்பார்.

"ஒண்ணுமில்ல தம்பி. கொஞ்சம் மெதுவா போங்க."