பிரியாந்தினி டீச்சரின் நட்சத்திரங்கள்

"ரிஷிகேசன், மேசையால இறங்கு அப்பன்!"

"மாட்டேன் டீச்சர்!" என்றான் அவன், மரியாதையாகத்தான்.

தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். பிரியாந்தினியின் இரண்டாம் வகுப்பு போன வாரம் வரை தங்கமான வகுப்பு. வெள்ளிக்கிழமை பெரிய சேர் பார்க்க வருகிறார் என்று வாயைத் திறந்து சொன்னாள், அவ்வளவுதான், பிடித்தது சனி.

பெரிய சேர் என்றால் வலயக் கல்வி அலுவலகத்து ஸமீம் சேர். அவர் நல்ல அறிக்கை எழுதினால்தான் யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைக்கும். அங்கே அவள் கணவன் சுஜந்தன் இரண்டு வருடமாகத் தனியே புட்டு அவிக்கப் பழகுகிறான். இன்னும் பழகியபாடில்லை.

திங்கட்கிழமை நன்றாக ஏசினாள். வகுப்பு கப்சிப். பாவம், அவளுக்கே மனம் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை கொஞ்சிக் கொஞ்சிக் கதை சொன்னாள். கூரை பறந்தது. புதன்கிழமை, அமைதியாக இருப்பவர்களுக்கு நட்சத்திர ஸ்டிக்கர் என்றாள். ஒட்டியதைப் பிய்த்துக் கொண்டுவந்து, "வேணாம் டீச்சர்!" என்று மேசையில் வைத்தார்கள். வியாழக்கிழமை டொபி கொடுத்தாள். அதை மட்டும் திருப்பித் தரவில்லை. தின்றுவிட்டு, உட்காரும் வாங்குப் பலகையில் ஏறி ஆடினார்கள்.

"ஏசினா அடங்குதுங்க, கொஞ்சினா கூத்தாடுதுங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க டீச்சர்," என்றார் பள்ளிக்கூட அதிபர் கணபதி.

"எனக்கு மட்டும் விளங்குதே சேர்?"

வெள்ளிக்கிழமை ஸமீம் சேர் வந்து கடைசிக் கதிரையில் உட்கார்ந்தார். ரிஷிகேசன் மேசைக்கடியில் புகுந்து குரைத்தான். அரூஸ் கரும்பலகைச் சோக் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். இருக்கிற இடமே தெரியாத தனுஷியாகூட வாங்கில் ஏறி விசிலடித்தாள். ஐயோ, அந்தப் பிள்ளைக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே யாருக்கும் தெரியாது!

சேர் இரண்டு வரி எழுதினார். கோப்பை மூடினார். எழுந்து போய்விட்டார்.

பிரியாந்தினிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நான் உங்களுக்கு என்ன குறை வச்சனான் பிள்ளையள்?"

திரும்பிப் பார்த்தால், முப்பது பிள்ளைகளும் கைகட்டி, வாய்பொத்தி, ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

தனுஷியா எழுந்து வந்து தன் கைலேஞ்சியால் அவள் கண்ணைத் துடைத்தாள்.

"அழாதீங்க டீச்சர். போன வருஷம் கமலாசனி டீச்சருக்கு நாங்க இப்பிடித்தான் ஒழுங்கா உக்காந்திருந்தோம், 'ரொம்ப நல்ல டீச்சர்'னு எழுதி பெரிய சேர் அவங்கள டவுனுக்கு அனுப்பிட்டாரு. ஒங்களயாவது அனுப்ப விடமாட்டோம்!"