தொடையிலிருந்து தோளுக்கு ஒட்டு

இனிமே இந்த வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி தூக்க மாட்டேன்னு ஐப்பசி மாசம் முடிவு பண்ணேன். முடிவு பண்றதுல நான் எப்பவுமே கெட்டிக்காரன். அதை என் சம்சாரம் அருணாதேவிகிட்ட சொல்றதுலதான் கொஞ்சம் சிரமம்.

நாங்க இருக்கறது மாடி வீடு. குழாய் இருக்கறது தெருவுல. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல பேனாவுக்கு மேல கனமா எதையும் தூக்காத என்னை, விடியறதுக்குள்ள குடமும் கையுமா கீழ இறக்கி விட்டுடுவா.

வழி காட்டினவர் கீழ் வீட்டு வேடியப்பன். அரிசி மூட்டை தூக்கப்போய், வலது தோள்ல தசைநார் எலும்பை விட்டுப் பிய்ஞ்சு உள்ள சுருங்கிடுச்சு. சின்னக் கிழிசல்னா இழுத்துத் தைச்சுடுவாங்களாம். இவருக்கு இழுத்தாலும் எட்டலையாம். வேலூர்ல அவர் தொடைலேர்ந்தே ஒரு பட்டை சவ்வு எடுத்து, கிழிஞ்ச பேண்ட்டுக்கு ஒட்டுப் போடற மாதிரி தோளுக்குப் போட்டுட்டாங்க. ஆறு மாசத்துக்கு எதையும் தூக்கக் கூடாது. மனுஷன் கையைக் கழுத்துல கட்டித் தொங்க விட்டுக்கிட்டு உக்காந்திருக்கார், அவர் சம்சாரம் ஜோதியம்மாள் இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டறாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. வலி உயிர் போகுதுன்னும் சொன்னார். அது என் காதுல விழல.

மறுநாளே எனக்கு வலது கை தூக்க வரல. என்னென்ன செய்யணும்னு அவர்கிட்டயே விசாரிச்சு வெச்சிருந்தேன். தலை சீவ முடியக் கூடாது. சட்டை போடறப்போ முனகணும். யாராவது கையைத் தூக்கி விட்டா தொப்புனு விழணும். கண்ணாடி முன்னாடி நின்னு விழ வெச்சுப் பழகினேன். இந்த உழைப்பை ஆபீஸ்ல காட்டியிருந்தா தாசில்தார் ஆகியிருப்பேன்.

அருணாதேவி பதறினா. அவ பதறற ரகமே இல்ல, அப்பவே நான் உஷாராகியிருக்கணும். வேடியப்பனை மொதல்ல பாத்த உள்ளூர் எலும்பு டாக்டர்கிட்டயே இழுத்துட்டுப் போனா. அவர் என் கையைத் தூக்கி விட்டார். அவ்ளோ அழகா அது விழுந்திருக்கக் கூடாது. கீழ் வீட்டுக்காரர் கதைதான் போலிருக்கு, வேலூர் போய் ஸ்கேன் எடுங்க, ஒட்டு வெக்க வேண்டி வரலாம்னுட்டார். இவ கார்த்திகை தீபத்துக்கு மறுநாளே தேதி வாங்கிட்டா.

தண்ணிய அவளே தூக்கினா. எனக்குத்தான் தூக்கம் போச்சு. ஸ்கேன் ஒழுங்கா வேலை செஞ்சா என் மானம் போகும். செய்யலைன்னா என் தொடை போகும். உண்மையைச் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தா, பாவம் பேசக்கூட முடியலன்னு அதுல கஞ்சிய ஊத்தினா.

தீபத்தன்னிக்கு சாயங்காலம் எல்லாரும் மொட்டை மாடில. ஊர் கண்ணெல்லாம் மலை உச்சில. அருணாதேவி மட்டும் என்னையே பாத்துக்கிட்டு நின்னா. புருஷ பக்தின்னு நெனச்சேன்.

உச்சில குப்புனு ஜோதி. ஊரே ஒரே குரல்ல "அண்ணாமலைக்கு அரோகரா!"

இந்த ஊர்ல பொறந்தவனுக்கு அந்த நேரத்துல கை தன்னால தலைக்கு மேல போயிடும். அவனைக் கேட்டுட்டுப் போறதில்ல. வேடியப்பன் நெஜ நோயாளி, இடது கையை மட்டும் தூக்கினார். எனக்கு ரெண்டும் போயிடுச்சு. வலதுதான் ஒரு பிடி ஜாஸ்தியாவே போச்சு.

நல்லவேளை, மூளை கைகொடுத்துச்சு.

"பாத்தியா அருணா, அண்ணாமலையார் அருள். தோள் சரியாயிடுச்சு."

"நெஜமாவாங்க?"

"சாமி சத்தியமா."

மலையைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டா. ஸ்கேன் இல்ல, கத்தி இல்ல. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

"நான் வேண்டிக்கிட்டது வீண் போகலைங்க."

"என்ன வேண்டிக்கிட்ட?"

"வெட்டாமலே உங்க தோள் சரியாயிட்டா, பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலைல கிரிவலம் வர்ற ஜனங்களுக்கு நீங்க தண்ணி சுமந்து ஊத்துவீங்கன்னு."

"எத்தனை பௌர்ணமிக்கு?"

"சாமிகிட்ட போய்க் கணக்கு பேச முடியுமாங்க? ஆயுசுக்கும்னுட்டேன்."

அதுக்குக் குடமெல்லாம் புதுசா வேணுமேன்னு மெதுவா இழுத்தேன்.

"போன வாரமே வாங்கி வெச்சாச்சுங்க. தோளுக்கு ஒண்ணா, ரெண்டு."