கொழும்பில் ஒரு சமாதானத் தூதர்

சண்டையை விலக்கிவிட ஓடி வருகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அந்த வேலையை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். அதற்காகக் கொழும்பு வரைக்கும் போனேன் என்பதுதான் கொடுமை.

அவனியாபுரத்தில் எனக்கு ஒரு டிசைன் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுழலாத ஒரு சுழல் நாற்காலி. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று இந்தப் பக்கத்து ஃப்ளெக்ஸ்களில் பாதி என் கையால் ஆனவை. விசேஷத்துக்கு வருகிறவன் பந்திக்குப் போவதற்கு முன் ஃப்ளெக்ஸ் முன்னால் நின்று தன் முகத்தைத் தேடுவான். இருந்தால் அவன் வேண்டப்பட்டவன். இல்லாவிட்டால் அவன் வந்ததற்கே அர்த்தமில்லை. (என் முகம் எல்லா ஃப்ளெக்ஸிலும் இருக்கும். இந்தத் தொழிலில் நான் கண்ட சுகம் அது ஒன்றுதான்.)

அலங்காநல்லூர் பக்கம் விவசாயம் பார்க்கும் செல்வமும், என் கடைக்கு எதிரே டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாண்டியும் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர்கள். செல்வம் தன் மகனுக்குக் காதுகுத்து வைத்தபோது நண்பர்கள் இருபத்து மூன்று பேரின் படங்களை அனுப்பி, "எல்லாரையும் போட்டுரு மாப்ள" என்றான். அவன் வளர்க்கும் காளையின் படமும் வேண்டும் என்றதால் இடம் பற்றவில்லை. மற்றவர்களை நெருக்கிப் பார்ப்பதற்காகப் பாண்டியின் படத்தைக் கொஞ்ச நேரம் மறைத்து வைத்தேன். கம்ப்யூட்டரில் அதற்கென்று கண் மாதிரி ஒரு பொத்தான் உண்டு. தட்டினால் படம் மறையும், மறுபடி தட்டினால் வரும். மறுபடி தட்ட மறந்துவிட்டேன்.

காதுகுத்துக்குப் பாண்டி குடும்பத்தோடு வந்தான். ஃப்ளெக்ஸை இடமிருந்து வலமாக ஒருமுறை, வலமிருந்து இடமாக ஒருமுறை பார்த்தான். அவன் இருக்க வேண்டிய இடத்தில் காளை நின்றது. கை நனைக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்து, "என் போட்டோவ அவன் குடுக்கலையா?" என்று கேட்டான்.

அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. "அவன் குடுத்தத நான் போட்டேன்டா. எனக்கென்ன தெரியும்" என்றேன்.

கூடப் பிறந்தவனைப் போலப் பழகியவன் தன் வீட்டு விசேஷத்தில் சாப்பிடாமல் போனது செல்வத்துக்கு ஆறவில்லை. காரணத்தை அவன் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. நடுவில் பாண்டியின் அப்பா படுக்கையில் விழுந்தார். செல்வம் அவரைப் பற்றி என்னிடம் ரகசியமாக விசாரித்தானே தவிர, போய்ப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு திட்டம் போட்டேன். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கொழும்பு விமானத்தின் வயிறு தெரியும். ஒரு மணி நேரப் பயணம். சனி, ஞாயிறு இரண்டு நாள் சேர்ந்து ஊர் சுற்றினால் இவர்களுடைய கோபம் கரைந்துவிடும், நானும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். காலண்டரைப் புரட்டி, நல்ல காரியத்துக்கு நல்ல நாளாக இருக்கட்டும் என்று பௌர்ணமியும் சனிக்கிழமையும் சேர்ந்து வந்த ஒரு நாளைப் பிடித்தேன். ஒருவன் வருவதை இன்னொருவனிடம் சொல்லவில்லை.

விமான நிலையத்தில் வரிசையில் நின்ற செல்வத்தைப் பாண்டி பார்த்தான்.

"இவன் வாரான்னு ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ வருவியா?"

விமானத்தில் நடு இருக்கை எனக்கு. "ஜன்னல மூடச் சொல்லு, வெயில் மூஞ்சியில அடிக்குது" என்று பாண்டி என்னிடம் சொல்வான். நான் செல்வத்திடம் சொல்வேன். "கண்ண மூடிக்கிறச் சொல்லு" என்று செல்வம் என்னிடம் சொல்வான். கடல் முழுக்க இந்தத் தபால் வேலைதான்.

கொழும்பில் எங்கு பார்த்தாலும் ஜனங்கள் வெள்ளை உடுத்திப் பூத்தட்டோடு புத்த விகாரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் பட்டியல் போட்டு வைத்திருந்த இடங்களில் பாதி பூட்டிக் கிடந்தது. வெளிநாட்டில் சனிக்கிழமை விரதம் செல்லாது என்று விமானத்திலேயே தீர்ப்புச் சொல்லியிருந்த பாண்டி, புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் ஆட்டுக்கறி கேட்டான்.

கடைக்காரர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். "இண்டைக்குப் போயா தானே. இறைச்சி இல்ல. பருப்பும் மரக்கறியும் இருக்கு."

போயா என்றால் பௌர்ணமி, மாதாமாதம் அன்றைக்கு அங்கே விடுமுறை, கறிக்கடை சாராயக்கடை எதுவும் திறக்காது என்று அவரே விளக்கினார். பாண்டி பருப்பைப் பிசைந்தபடி, "நாள் பாத்த புண்ணியவான் யாருன்னு கேளு" என்று யாரிடமோ சொன்னான். அன்று எடுத்த எல்லாப் படங்களிலும் நான் இருக்கிறேன். ஒன்றில் பாண்டியோடு, அதே இடத்தில் அடுத்ததில் செல்வத்தோடு. மூன்று பேர் சேர்ந்த படம் ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் காலிமுகத் திடலில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். பருப்புச் சோறு செரித்து வெகு நேரமாகியிருந்தது. திடீரென்று பாண்டி செல்வத்தின் பக்கம் திரும்பினான்.

"இருபத்திரெண்டு மூஞ்சிக்கு எடமிருந்துச்சு. ஒன் மாட்டுக்கு எடமிருந்துச்சு. எனக்கு மட்டும் இல்லையாக்கும்?"

"என்னடா சொல்ற?"

"ஃப்ளெக்ஸச் சொல்றேன். என் போட்டோவ நீ குடுக்கலைல்ல."

செல்வத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "இதுக்கா சாப்பிடாமப் போன? விசேஷ வேலையில ஃப்ளெக்ஸ நான் எங்க நின்னு பாத்தேன்? மொத போட்டோவே ஒன்னோடதத்தான்டா அனுப்புனேன். இரு, காட்டுறேன்" என்று போனை எடுத்தான். படம் திறக்காமல் வட்டம் சுற்றியது. எங்கள் மூவரில் அந்த ஊர் சிம் வாங்கியிருந்தவன் நான் ஒருவன்தான்.

"மாப்ள, ஹாட்ஸ்பாட் போடு" என்றான் செல்வம்.

என்னைக் காட்டிக்கொடுக்கப் போகும் படத்துக்கு நானே நெட் கொடுக்க வேண்டும். சார்ஜ் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். (எண்பத்தைந்து சதவீதம் இருந்தது.) செல்வம் போனை நீட்டியபடியே இருந்தான். தான் தப்புச் செய்யவில்லை என்று காட்டிவிட அவனுக்கு அவ்வளவு அவசரம். நான் செய்ததை ஒன்றரை வருடமாக அவன் தலையில் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"படம் வேணாம்டா. அவன் குடுத்தான். நாந்தான் விட்டுட்டேன். பாண்டிகிட்டப் பொய் சொன்னதும் நாந்தான்."

யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பாண்டி கடலைப் பார்த்துக்கொண்டு, "எங்கப்பா மூணு மாசம் படுத்துக் கெடந்தாரு. வந்து பாக்கலையேன்னு இவன எம்புட்டு வஞ்சிருப்பேன்" என்றான்.

"இப்ப எப்படி இருக்காரு?" என்று செல்வம் கேட்டான்.

"நடக்குறாரு."

"ஊருக்குப் போனதும் வாரேன்."

இருவரும் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

மறுநாள் அவர்கள் இருவரும் கொழும்பைச் சுற்றிப் பார்த்தார்கள். நான் பின்னால் நடந்து அவர்களுடைய முதுகைச் சுற்றிப் பார்த்தேன். திரும்பும்போது ஓரத்து இருக்கை எனக்கு. "அவன எந்திரிக்கச் சொல்லு, பாத்ரூம் போகணும்" என்று செல்வம் பாண்டியிடம் சொன்னான். அதற்குப் பிறகு மூன்று மாதம் எதிர் ஒர்க்‌ஷாப்பில் அவர்கள் சிரித்துப் பேசுவதைக் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வலித்தது. வலிக்க வேண்டியதுதான் என்றும் தோன்றியது. ஒருநாள் பாண்டி ஒரு டீயைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனான். மறுநாள் பேசினான்.

கதை முழுவதையும் கேட்ட என் மனைவி, "எதுத்த கடையில சொல்ல வேண்டியதுக்குக் கடல் தாண்டிப் போயிருக்கீக" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதை மறைத்தாலும், "கொழும்புக்கு டிக்கெட் போடவா?" என்பதுதான் பேச்சு. மகளின் மார்க் ஷீட்டிலிருந்து மாமனாரின் சர்க்கரை அளவு வரை இந்தக் கேள்வியில் வெளியே வந்திருக்கின்றன.

போன வாரம் மகள் கடைக் கம்ப்யூட்டரில் எதையோ செய்யப்போய், முடித்து வைத்திருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையை அழித்துவிட்டாள். உடனே வந்து சொல்லிவிட்டாள். மகள்மேல் வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போன் போட்டேன். கரண்ட் போய்விட்டது என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அண்ணே, பத்திரிகை அழிஞ்சு போச்சு. எங்க கடையில நடந்த தப்புதான். நாளைக்குத் தந்துர்றேன்" என்றேன்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. சமையலறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"டிக்கெட்டு மிச்சம்."